பணிப்பெண்ணும் ஓய்வு நாளும்

சமூக நீதி என்றவுடன் ஆலைகளையும் தோட்டங்களையுமே எண்ணுகிறோம். அடுப்பங்கரை நினைவுக்கு வருவதில்லை. தொழிலாளருக்கு நியாயக் கூலியும் ஓய்வும் உரியவை என்று பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வலியுறுத்தினார். ஆயின் இக்கருத்து மிகப் பழையது.

ஓய்வு நாளைப் பற்றிய மோசேயின் கட்டளையைக் கூர்ந்து நோக்குங்கள். ஓய்வு குடும்பத் தலைவனுக்கு மட்டுமன்று. வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும், வீட்டில் தங்கிய அந்நியனுக்கும், ஏன், மாட்டுக்கும் கழுதைக்குங்கூட உண்டு. உபாகமம் காரணமும் கூறுகிறது: எகிப்தில் நீங்களும் அடிமைகளாய் இருந்தவர்களே. ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அந்நூலின் விதியே.

இனி, சிங்கப்பூர்க் கிறிஸ்தவ இல்லம் ஒன்றை நோக்குவோம். ஞாயிறன்று குடும்பம் கோவிலுக்குச் செல்கிறது. திரும்பி வருவோர்க்கு விருந்து சமைப்பவள் யார்? வெளிநாட்டுப் பணிப்பெண்ணுக்கு வார ஓய்வு 2013இல் சட்டமாயிற்று. எனினும், அவள் இசைந்தால் ஓய்வுக்கு ஈடாகப் பணம் கொடுக்கலாம். மாதத்தில் ஒரு நாளையேனும் அவ்வாறு பணமாக மாற்றலாகாது என்ற விதி 2023இல்தான் வந்தது. மோசேக்கு மிகவும் பிந்தித்தான்!

விடியுமுன் துணி துவைத்துவிட்டுப் போ என்னும் வீட்டைச் சட்டம் எளிதில் எட்டிப் பார்க்க இயலாது. ஞாயிற்றுச் சமையல் யாருடையது என்பதைக் குடும்பத்தாரே சனிக்கிழமை இரவில் பேசி முடிக்கட்டும். ஆண்மக்களும் அரிவாள்மணையில் அமரலாம். குழம்பில் உப்புச் சற்றே கூடினால் குடி முழுகிப் போகாது.