ஆயாவிடம் கைநாட்டு கேட்ட கடிதம்

2024 ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, எங்கள் காலனியைச் சேர்ந்த ஓர் ஆயா என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு வெள்ளைத்தாள். “பேரன இஸ்கூல்ல சரியில்லன்னு சொல்றாங்கப்பா. இதுல கைநாட்டு வச்சிக் குடுக்கணுமாம். இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சிச் சொல்லு” என்றார்.

எட்டாம் வகுப்பில் படிக்கும் தன் பேரனுக்குக் குடும்பச் சூழ்நிலை காரணமாக மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு அவரே கேட்டுக்கொள்வதாக அதில் எழுதியிருந்தது. பையனின் அப்பா, அம்மா வெளியூர் வேலைக்குப் போயிருந்தார்கள். அவனுக்கு அந்த ஆயாதான் எல்லாம். அவருக்கோ எழுத்து தெரியாது. அப்படியானால் அந்தக் கடிதத்தை எழுதியது யார்?

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 16-ஆவது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. இது பள்ளிக்கூடங்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் நீக்குவதில்லை, பெற்றோரையே ‘கேட்க’ வைக்கிறார்கள். பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கும். பையன் மட்டும் மேஸ்திரிக்குக் கலவை தூக்கிக்கொண்டிருப்பான்.

நான் பள்ளிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மனதில் மனு தயாராக இருந்தது. காலனிப் பிள்ளை, டி.சி., கைநாட்டு என்று மூன்றும் சேர்ந்தால் காரணம் என்னவென்று இருபது வருட அனுபவம் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆனால் பையன்மேல் சொல்லப்பட்ட புகார்களும் பொய்யல்ல. பாடம் நடக்கும்போது விசில் அடித்திருக்கிறான். பெஞ்சைக் காம்பஸால் கிழித்து வைத்திருக்கிறான். கூடப் படிக்கும் ஒருவனை உதடு கிழிய அடித்திருக்கிறான். அடிபட்டதும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே!

தமிழ் டீச்சர் ஒருவர்தான் என்னை நிறுத்தினார். “மனு கொடுங்க சார், வேணாம்னு சொல்லல. ஆனா அவன் எப்ப இப்படிப் பண்றான்னு மூணு வாரம் பாக்கலாமா?” என்றார். தலைமையாசிரியர் அரை மனதோடு ஒப்புக்கொண்டார். நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டோம். எந்தப் பாடவேளை, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன்பின் நாம் என்ன செய்தோம். இவ்வளவுதான் எழுத வேண்டும். ‘திமிர்’, ‘அடங்காதவன்’ போன்ற சொற்களை எழுதக் கூடாது.

மூன்று வாரம் கழித்து நோட்டைப் புரட்டியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. கணக்கு வகுப்பில் தகராறு இல்லை. விளையாட்டு வகுப்பில் இல்லை. பெரும்பாலும் தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் வகுப்புகளில்தான். அதுவும் ஒவ்வொருவராக எழுந்து வாய்விட்டு வாசிக்கும் நேரத்தில், இவன் முறை வருவதற்குச் சற்று முன்னால். ஒவ்வொரு முறையும் முடிவு ஒன்றே: “வெளியே போ.”

அவனுக்கு வேண்டியதும் அதுவேதான். நாற்பது பேர் முன்னால் எழுத்துக்கூட்டித் திணறுவதைவிட, முரடன் என்று பெயர் வாங்கி வெளியே நிற்பது அவனுக்குக் கௌரவமாக இருந்திருக்கிறது. தண்டனை என்று நினைத்து நாம் கொடுத்ததை அவன் தப்பிக்கும் வழியாக வைத்திருந்தான்.

ஏன் வாசிக்க வரவில்லை? மூன்றாம் வகுப்பில், கரும்பு வெட்டப் போன அப்பா அம்மாவோடு பாதி வருடம் ஊர் ஊராகப் போயிருக்கிறான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1-இல்தான். அப்போது அவன் ஐந்தாம் வகுப்பு. அவன் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பட்டன் போன், அதில் எங்கே வகுப்பு நடக்கும்? அதன்பின் தேர்ச்சி, தேர்ச்சி என்று எட்டாம் வகுப்புவரை வந்துவிட்டான்.

அப்படியானால் இதில் சாதி இல்லையா? இருந்தது. உதடு கிழிந்த அன்று வகுப்பில் உதவித்தொகைப் பட்டியல் வாசித்திருக்கிறார்கள். “எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க. பாஸ்புக் ஜெராக்ஸ் கொண்டாராதவன் யாரு?” எழுந்து நின்றவனைப் பார்த்துப் பின்பெஞ்சுப் பையன் “ஓசிக் காசு” என்றிருக்கிறான். பட்டியலை வாசித்த ஆசிரியர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். வருடா வருடம் அப்படித்தான் வாசிக்கிறார். அதுதான் சிக்கல்.

2023-இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீட்டிலேயே வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அக்குழு அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, மாணவர்களின் சாதியை ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லக் கூடாது, உதவித்தொகை விஷயத்தைத் தனியாக அழைத்துத்தான் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. இவற்றைச் செய்ய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. நாளை காலையே செய்யலாம்.

இரட்டைமலை சீனிவாசன் தம் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைச் சொல்லியிருக்கிறார். யாராவது சிநேகமாகிச் சாதி, குடும்பம், வீடு என்று விசாரித்துவிடுவார்களோ என்ற பயத்தில், மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவாராம். பள்ளி விட்டதும் மற்றவர்கள் எட்டிப் பிடிக்க முடியாதபடி வேகமாக வீட்டுக்குப் போய்விடுவாராம். இன்றைக்கு அவர் நம் பள்ளியில் படித்திருந்தால், ‘தாமதமாக வருகிறான், யாருடனும் பழகுவதில்லை’ என்று எழுதி அப்பாவை வரச்சொல்லியிருப்போம்.

டீச்சரும் நாங்களும் செய்தது சின்ன வேலை. மறுநாள் வகுப்பில் அவன் எந்தப் பத்தியை வாசிக்க வேண்டும் என்பதை முந்தின நாளே அவனிடம் மட்டும் சொல்லிவிடுவார். எங்கள் இரவுப் பாடசாலையில் அந்தப் பத்தியைப் பத்து முறை, பதினைந்து முறை வாசிப்பான். முதலில் நான்கு வரிகள்தான். தகராறு செய்தாலும் வெளியே அனுப்பக் கூடாது, முன்பெஞ்சுக்கு வரவழைத்து வேலை கொடுக்க வேண்டும் என்று முடிவானது. அடித்த பையனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னோம். கேட்டான். “ஓசிக் காசு” என்றவனும் கேட்டான், ரொம்பத் தயங்கித்தான்.

அவன் அப்பா ஊருக்கு வந்ததும் பள்ளிக்கே போய், “கண்ண மட்டும் உட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தார். நம் பெற்றோர் இதைப் பெருமையாகவே சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. உடலை வருத்தும் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. அப்பன் அனுமதி கொடுத்தாலும் தடை தடைதான்.

டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லித் தாள் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களாக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். காலனித் தாய்மார்கள் அந்தக் கூட்டத்துக்குப் போய் உட்கார வேண்டும். மாணவத் தம்பி, தங்கைகள் 14417 அல்லது 1098 என்ற எண்ணில் தாங்களே பேசலாம், காசு கிடையாது.

அந்தப் பையன் எட்டாம் வகுப்பை அதே பள்ளியில்தான் முடித்தான். இப்போதும் சாது என்று சொல்ல முடியாது. மதியம் சுவர் ஏறிக் குதித்ததாகப் போன மாதம் ஒரு புகார் வந்தது. டீச்சர் அந்த நோட்டை மறுபடியும் எடுத்திருக்கிறார். ஆயா கொண்டுவந்த கடிதம் கைநாட்டு இல்லாமல் என் பீரோவில் கிடக்கிறது.