வெளிமாநிலக் கார்: விற்றவர் ஆவணம் தராவிட்டால்?

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே சென்று களியக்காவிளையைக் கடந்தால் தமிழ்நாடு. நாகர்கோவிலிலோ மதுரையிலோ பெங்களூருவிலோ நல்ல நிலையிலுள்ள பழைய கார் மலிவாகக் கிடைப்பதாக அறிந்து வாங்கிவரும் வாடிக்கையாளர்கள் பலர். பணம் சென்றுவிடும்; சாவியும் கைக்கு வந்துவிடும். பதிவுச் சான்றிதழும் தடையின்மைச் சான்றிதழும் மட்டும் 'அடுத்த வாரம்' என்ற வாக்குறுதியோடு நின்றுவிடுவதுண்டு. அந்நிலையில் வாங்கியவருக்குச் சட்டம் அளிக்கும் வழிகளை இங்கே விளக்குகிறோம்.

கடமை யாருடையது?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதனைத் தெளிவாகக் கூறுகிறது. வாகனம் வேறு மாநிலத்துக்கு விற்கப்படும்போது, பதிவு செய்த அலுவலகத்தில் தடையின்மைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் விற்பவரே (பிரிவு 48, படிவம் 28). அலுவலகம் 30 நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்காவிடில், சான்றிதழ் வழங்கப்பட்டதாகவே கருதப்படும். விற்பவர் 45 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் உரிமை மாற்றத்தை அறிவிக்க வேண்டும் (பிரிவு 50, படிவங்கள் 29, 30).

பெயர் மாறாதிருப்பது விற்றவருக்கும் ஆபத்தே. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவரையே சேரும் என்றும் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. விற்றவருக்கு அனுப்பும் கடிதத்தில் இதனைச் சுட்டிக்காட்டுவது பல வேளைகளில் பயன்தரும்.

முதற்படி: எழுத்து மூலம் கேட்டல்

தொலைபேசிப் பேச்சு சான்றாகாது. விலை, பணம் செலுத்திய நாள், தரவேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 15 நாள் அவகாசம் அளித்து, ஒப்புகை பெறும் வகையில் அஞ்சலில் அறிவிப்பு அனுப்புங்கள். வழக்கறிஞர் மூலம் அனுப்புவது மேலும் நன்று. வங்கிக் கணக்கு அறிக்கை, விற்பனை ஒப்பந்தம், வாட்ஸ்அப் செய்திகள் ஆகிய அனைத்தையும் பாதுகாத்து வையுங்கள்.

விற்றவர் வணிகரா, தனிநபரா?

அடுத்த வழியைத் தீர்மானிப்பது இக்கேள்வியே.

விற்றவர் கார் வணிகராயின், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைநிற்கும். இச்சட்டப்படி, முறையீட்டாளர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஆகவே பெங்களூரு வணிகர்மீது திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இயலும். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரையெனில் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஆவணங்களைத் தர உத்தரவிடுமாறோ, பணத்தைத் திருப்பித் தருமாறோ, இழப்பீட்டுடன் கோரலாம். காலவரம்பு இரண்டாண்டுகள். முன்னதாக, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

விற்றவர் தம் சொந்தக் காரை விற்ற தனிநபராயின், நுகர்வோர் ஆணையம் பொருந்தாது. உரிமையியல் நீதிமன்றமே வழி. விற்கும் உரிமை தமக்குண்டு என்பது ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கிய நிபந்தனை என்கிறது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் (பிரிவு 14). ஒப்பந்தமோ பணம் செலுத்தியதோ கார் ஒப்படைப்போ திருவனந்தபுரத்தில் நிகழ்ந்திருந்தால், இங்கேயே வழக்குத் தொடுக்க இடமுண்டு. காலவரம்பு பொதுவாக மூன்றாண்டுகள்.

காவல் நிலையம் எப்போது?

தாமதம் மட்டுமே குற்றமாகாது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருந்தால், அதாவது திருட்டுக் கார், போலிச் சான்றிதழ், மறைக்கப்பட்ட கடன் போன்றவை தெரியவந்தால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்படி மோசடிக் குற்றமாகலாம். குற்றம் வேறு மாநிலத்தில் நிகழ்ந்திருப்பினும், உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலேயே புகார் அளிக்கலாம். எல்லையைக் காரணம் காட்டி அதனை மறுத்தல் ஆகாது.

கடனும் காப்பீடும்

வங்கிக் கடனில் வாங்கியிருந்தால், விற்றவருடனான வழக்கைக் காரணம் காட்டித் தவணையை நிறுத்த வேண்டா; உங்கள் கடன் வரலாறு பாதிக்கப்படும். சிக்கலை உங்கள் கிளைக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு தானே மாறியதாகக் கருதப்படும். உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு அவ்வாறு மாறாது.

வாங்குமுன்

பூட்டானிலிருந்து கொண்டுவரப்பட்ட வாகனங்கள் போலி ஆவணங்களால் பிற மாநிலங்களில் பதிவு செய்யப்பட்டு இங்கு விற்கப்பட்டன என்ற ஐயத்தில், 2025 செப்டம்பரில் சுங்கத்துறை கேரளத்தில் சோதனை நடத்தி வாகனங்களைப் பறிமுதல் செய்தது. வெளிமாநிலப் பதிவு எண் கொண்ட காரை எவ்வளவு கவனமாக ஆராய வேண்டும் என்பதற்கு இது சான்று.

பரிவாகன் தளத்தில் பதிவு விவரங்களைப் பாருங்கள். இன்ஜின் எண், சேசிஸ் எண் ஆகியவற்றைக் காரில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். பழைய கடன் பதிவு இருந்தால், கடன் தந்த நிறுவனத்தின் படிவம் 35 இன்றி மேற்செல்லாதீர்கள். வணிகரிடம் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள அங்கீகாரச் சான்றிதழ் அவரிடம் உள்ளதா எனக் கேளுங்கள். விலையில் ஒரு பகுதியைத் தடையின்மைச் சான்றிதழ் கைக்கு வரும்வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பணம் முழுவதும் சென்றபின் நீதிமன்றத்தில் கேட்க வேண்டியதை, அதற்கு முன் ஒரு வரியிலேயே உறுதிசெய்துவிடலாம்.