பதின்ம வயதினரின் அக்கம்பக்கம்: அளவிடும் முறைகளும் தமிழ்ப் புழக்கமும்

ஒருவருடைய அக்கம்பக்கம் எது என்று கேட்டால், நாம் அவருடைய வீட்டை நடுவில் வைத்துச் சுற்றிலும் பார்க்கிறோம். சொல்லின் அமைப்பே அப்படி. அக்கமும் பக்கமும் ஏதோ ஒன்றற்கு அருகில் இருப்பவை; அந்த ஒன்று வீடு என்பது சொல்லாமலே விளங்கிவிடுகிறது. கைக்குழந்தைக்கு இது பொருந்தும். நாளின் பெரும்பகுதியை வெளியில் கழிக்கும் பதின்ம வயதினருக்குப் பொருந்துமா என்பதே இவ்வுரையின் கேள்வி.

மொழி பற்றி நாம் அடிக்கடி மேற்கோள் காட்டும் புள்ளிவிவரமும் வீட்டையே மையமாகக் கொண்டது. சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களுள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். கவலை தரும் எண்தான். ஆயினும், மொழி வீட்டில் மட்டும் புழங்குவதில்லை. யார் யாருடன் எப்போது எம்மொழியில் பேசுகிறார் என்பதை ஆராய்ச்சிக் கேள்வியாகவே ஆக்கியது ஜோஷுவா ஃபிஷ்மன் 1965இல் எழுதிய கட்டுரை. புழங்குகளம் என்று நாம் வழங்கும் கருத்து அவ்வழியில் வளர்ந்தது. களம் என்ற பிறகு அதற்கு ஓர் இடமும் உண்டல்லவா? அந்த இடத்தை அளக்கப் புவியியலாரிடம் நாம் கற்க வேண்டியிருக்கிறது.

உட்லண்ட்ஸில் வசிக்கும் 14 வயது மாணவி ஒருவரை எண்ணிக்கொள்வோம். பள்ளி, நான்கு ரயில் நிலையங்கள் தள்ளி ஈசூனில். பள்ளிக்கு அருகில் பாட்டி வீடு. மதிய உணவு அங்கே. ஞாயிறன்று பெற்றோருடன் தேக்கா. மாணவி கற்பனையே; தொலைவுகள் உண்மையானவை.

எளிய முறை, வீட்டைச் சுற்றி வட்டமிடுவது. பத்து நிமிட நடை என்று 800 மீட்டர் ஆரம் கொண்டால், பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர். அதற்குள் மாணவி உறங்குகிறார். பள்ளியும் பாட்டியும் தேக்காவும் வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.

அடுத்த முறை, அவர் செல்லும் இடங்களைக் கோட்டால் இணைப்பது. உட்லண்ட்ஸ், ஈசூன், தேக்கா மூன்றையும் இணைத்தால் வரும் முக்கோணம் ஏறத்தாழ 36 சதுர கிலோமீட்டர். நேர்க்கோட்டில் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தேக்கா, வாரம் ஒருமுறை சென்றாலும், முழுப் பரப்பையும் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கமும் அம்முக்கோணத்துக்குள் அடங்கும். அந்நீரில் நம் மாணவிக்கு என்ன வேலை?

ஆதலின் இன்றைய ஆய்வாளர் பலர், பரப்பைவிட வழித்தடத்தையும் நேரத்தையும் கணக்கிடுகின்றனர். கைப்பேசியின் இருப்பிடப் பதிவு இதற்கு உதவுகிறது. ஆனால் நம் போன்ற அடுக்குமாடி நகரில் அது தடுமாறும். சுரங்க ரயிலில் சமிக்ஞை அறுந்துபோகும். புளோக்கின் கீழ்த்தளத்தில் நண்பர்களோடு இருந்தாரா, பன்னிரண்டாம் மாடியில் பாட்டியோடு இருந்தாரா என்பதை வரைபடத்தின் ஒற்றைப் புள்ளி சொல்லாது. எம்மைப் போன்ற மொழியியலாருக்கோ அந்த வேறுபாடுதான் எல்லாம்; கீழே ஆங்கிலம், மேலே தமிழ். எனவே பதிவோடு, யாருடன் இருந்தார், எம்மொழியில் பேசினார் என்னும் நாட்குறிப்பும் வேண்டும்.

இங்கே இது வெறும் அளவை நுட்பம் அன்று. வீவக குடியிருப்புகளில் 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, இந்தியர் மற்றும் பிற இனத்தவர்க்கான வரம்பு 2010 முதல் பேட்டைக்கு 12 விழுக்காடு, புளோக்குக்கு 15 விழுக்காடு. தமிழர் செறிந்த குடியிருப்புப் பேட்டை உருவாக வழியில்லை. கொள்கையின் நன்மை வேறு பேச்சு. அதன் விளைவாக ஓர் இளையரின் தமிழ், பரப்பாக இல்லாமல் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கிறது. தம் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாததால் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் பயணம் செய்யும் மாணவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களது தமிழ் அக்கம்பக்கத்தின் ஒரு முனை அங்கே இருக்கிறது. வீட்டு வட்டத்தை மட்டும் அளந்தால், பாட்டி வீட்டில் நாள்தோறும் புழங்கும் ஒரு மணி நேரத் தமிழ் கணக்கில் வராது. பாட்டி வேறு பேட்டைக்குக் குடிபெயர்ந்து அது நின்றுபோனாலும் எந்த அட்டவணையும் மாறாது.

இருப்பிடப் பதிவில் ஓர் எச்சரிக்கை உண்டு. பெற்றோர் கையொப்பமிட்டால் போதும் என்று கருதுவது தவறு. பிள்ளையின் சம்மதமும் வேண்டும். அவருடைய தடத்தைப் பெற்றோருக்குக் காட்டமாட்டோம் என்ற உறுதியும் வேண்டும்.

கருவி இல்லாமலும் தொடங்கலாம். 1970களில் யுனெஸ்கோ ஆதரவுடன் கெவின் லிஞ்ச் வழிநடத்திய ஆய்வில், ஆர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து நாடுகளின் இளையர்கள் தம் வட்டாரத்தைத் தாமே வரைந்து காட்டினர். ஆசிரியர்கள் வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு வாரம் சென்ற இடங்களை மாணவர்கள் வரையட்டும். தங்கிய நேரத்துக்கேற்பப் புள்ளி பெரிதாகட்டும். தமிழ் கேட்ட இடம் ஒரு வண்ணம், தாம் தமிழ் பேசிய இடம் மற்றொரு வண்ணம். இவ்விரண்டையும் பிரித்துக் கேட்பது முக்கியம். பாட்டி தமிழில் பேச, பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் விடையளிக்கும் வீடுகளை நாம் அனைவரும் அறிவோம்.

கைப்பேசிக் குழுவில் தமிழில் அனுப்பும் குரல் பதிவை எங்கே குறிப்பது என்று மாணவர் எவரேனும் கேட்கக்கூடும். அப்போது கைப்பேசி எங்கிருந்ததோ, அங்கேயே குறிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது ரயிலாக இருக்கும்.