கொள்ளிடம் கரை இடிவது ஏன்? சுவர் மட்டும் கட்டினா போதாது!

திருச்சி,

கொள்ளிடத்தில் வெள்ளம் என்றாலே கரையோர மக்களுக்கு தூக்கம் போய்விடும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 1928-ல் கட்டிய பழைய பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. 2024 ஆகஸ்டில் திருவானைக்காவல் அருகே, பாலத்தை காப்பாற்ற கட்டிய தடுப்புச்சுவரே சரிந்தது.

இவ்வளவு பெரிய சுவர் எப்படி போச்சு?

தண்ணீர் சுவரை நெஞ்சில் முட்டி தள்ளுவதை விட காலை வாருவது தான் அதிகம். ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்க கரையில் வேகம் ஜாஸ்தி. அடி மண்ணை பறித்து குழி போடும். அடி காலியானதும் மேலே இருப்பது திடுதிப்பென்று விழும். வெள்ளம் வடியும் போதும் ஆபத்து தான். ஊறி கனத்த கரையை முட்டுக்கொடுத்த தண்ணீர் இறங்கிவிடுவதால் மண் சரியும். தண்ணி வடிஞ்சிடுச்சே என்று கரை ஓரம் போய் நிற்காதீர்கள்.

கடலோர ஊர்களில் போடும் தூண்டில் வளைவு தெரியும் அல்லவா? அதுபோல ஆற்றிலும் கரையில் இருந்து கொஞ்ச தூரத்துக்கு கல் கரையை நீட்டுவார்கள். என்ஜினீயர்கள் இதை குரோயின் என்கிறார்கள். நீரோட்டம் இதில் பட்டு நடு ஆற்றுக்கு விலகும். 2 குரோயின்களுக்கு நடுவே தண்ணீர் மந்தமாகி வண்டல் படியும். நடுவில் ஒடுங்கிய தண்ணீரோ வேகம் பிடித்து, மணலை தள்ளி ஆற்றை தானே ஆழமாக்கும்.

ஒன்றை மட்டும் போட்டு விட்டால் வேலைக்கு ஆகாது. அதன் நீளத்தைப் போல 2 முதல் 2½ மடங்கு இடைவெளியில் வரிசையாக போடுவது வழக்கம். முனை லேசாக மேற்புறம், அதாவது தண்ணீர் வரும் திசையை பார்த்து இருந்தால் நீரோட்டத்தை தள்ளிவிடும். கீழ்ப்புறம் பார்த்தால் கரைக்கே இழுத்துவிடும்.

இதிலும் வில்லங்கம் உண்டு. இங்கே தள்ளிய தண்ணீர் எதிர்கரையை அறுக்கலாம். அரியலூர் பக்கம் போட்டால் தஞ்சாவூர் பக்கம் அடி விழும். அதனால் தான் சின்னதாக மாதிரி ஆறு செய்து தண்ணீர் விட்டு சோதித்து பார்க்கிறார்கள்.

ஆற்றை திருப்புவது இங்கே புதுசு அல்ல. தண்ணீர் எல்லாம் கொள்ளிடத்துக்கே ஓடி காவிரி மேடாகி வந்ததால், 1836-ல் ஆர்தர் காட்டன் மேலணையை கட்டினார். பலன் அளவுக்கு மேலேயே கிடைத்தது. காவிரி தரை அறுந்து போக, அந்த பக்கமும் அணை போட வேண்டியதாயிற்று.

குரோயினின் முனையில் தான் பெரிய குழி விழும். அங்கே சிமெண்ட் பூசாமல் பாறாங்கற்களை உதிரியாக கொட்டுவார்கள். குழி விழ விழ கல் உருண்டு இறங்கி அடைக்கும். சும்மா கிடக்கிற கல் தானே என்று யாராவது வண்டியில் ஏற்றினால், அடுத்த வெள்ளத்தில் அந்த குரோயின் நிற்காது. பக்கத்தில் மணல் அள்ளினாலும் இதே கதி தான்.