சீக்கோ 5: நாணயத்தால் வளர்ந்த கடிகாரம்

அடைமழை பெய்யும் நாளில் கடைத்தெருவைப் பார்த்திருக்கிறோம். வாடிக்கையாளர் வரமாட்டார், கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். ஜப்பானின் தோக்கியோ நகரில், சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைப் பையனும் இதைக் கண்டான். ஆனால் பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர் மட்டும் மழையிலும் சும்மா இருக்கவில்லை. பழுதுபார்க்க வந்த கடிகாரங்களை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். விற்பனை இல்லாத நாளிலும் வருமானம் தரும் தொழில் இது என்று அந்தப் பையன் மனத்தில் குறித்துக்கொண்டான். அவர்தான் பிற்காலத்தில் சீக்கோ நிறுவனத்தை உருவாக்கிய கின்தாரோ ஹத்தோரி.

1860இல் பிறந்த அவர், 1881இல், தமது 21ஆம் வயதில் சொந்தக் கடை திறந்தார். பழைய கடிகாரங்களை வாங்கிச் சீர்செய்து விற்பதில் தொடங்கி, பிறகு யோக்கஹாமா துறைமுகத்தில் இருந்த அயல்நாட்டு மொத்த வியாபாரிகளிடம் கொள்முதல் செய்தார்.

தவணை தவறாதவர்

அந்நாளில் சரக்கு எடுத்தவர்கள் பலர் தவணை தாண்டிப் பணம் கொடுப்பதைப் பெரிதாக நினைப்பதில்லை. ஹத்தோரியோ சொன்ன நாளில் பணத்தைச் செலுத்திவிடுவார். இதனால் என்ன நடந்தது? புதிய சரக்கு வந்தால் முதலில் அவருக்குக் காட்டினார்கள். கடனும் தாராளமாகக் கொடுத்தார்கள். பெரிய முதல் இல்லாதவருக்கு நாணயமே முதலாயிற்று.

1892இல் செய்க்கோஷா என்னும் தொழிற்சாலையைத் தொடங்கிச் சுவர்க்கடிகாரம் செய்தார். 1895இல் சட்டைப்பைக் கடிகாரமும், 1913இல் ஜப்பானின் முதல் கைக்கடிகாரமும் அங்கிருந்து வந்தன.

சாம்பலில் ஒரு விளம்பரம்

1923 செப்டம்பர் 1ஆம் தேதி பெரும் பூகம்பமும் தீயும் தோக்கியோவை அழித்தன. ஹத்தோரியின் தொழிற்சாலையும் எரிந்தது. பழுதுபார்க்க வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த சுமார் 1,500 கடிகாரங்களும் போயின. இயற்கையின் சீற்றம் என்று கைவிரித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, கடிகாரத்தை இழந்தவர்களுக்கு ஈடாகப் புதிய கடிகாரம் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 62. மறு ஆண்டு, 1924இல், சீக்கோ என்ற பெயர் தாங்கிய முதல் கைக்கடிகாரம் வெளிவந்தது.

எளிய விலையில் ஐந்து வசதிகள்

ஹத்தோரி 1934இல் காலமானார். அவர் வளர்த்த நிறுவனம் 1963இல் ஸ்போர்ட்ஸ்மாட்டிக் 5 என்ற கடிகாரத்தை வெளியிட்டது. ஐந்து என்பது ஐந்து வசதிகளைக் குறிக்கும்: தானே சாவி ஏறுதல், கிழமையும் தேதியும் ஒரே கட்டத்தில் தெரிதல், தண்ணீர் புகாமை, 4 மணி இடத்தில் உள்ளடங்கிய திருகு, உறுதியான கூடும் பட்டையும். 1968இல் இளைஞர்களுக்காக 5 ஸ்போர்ட்ஸ் வந்தது.

1969இல் இதே நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேட்டரிக் கடிகாரம் உலகெங்கும் பரவியது. ஆனாலும் சாவிக் கடிகாரத்தை அது கைவிடவில்லை. வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போன நம்மவர்கள் ஊர் திரும்பும்போது கையில் சீக்கோ 5 மின்னியதைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள்.

2019இல் 5 ஸ்போர்ட்ஸ் வரிசை புதுப்பிக்கப்பட்டது. 1996இல் வந்த எஸ்கேஎக்ஸ் என்ற முக்குளிப்போர் கடிகாரத்தின் பழைய தோற்றமே இதற்கு அடிப்படை. 100 மீட்டர் நீர் அழுத்தம் தாங்கும் தரம் கொண்டது. ஆனால் இது முக்குளிப்புக்கான கடிகாரம் அல்ல. உள்ளே 24 கற்கள். கை அசைய அசைய ஓர் எடைத்தட்டு சுழன்று வில்லை முறுக்குகிறது, பேட்டரி வேண்டாம். முழுதாகச் சாவி ஏறிவிட்டால், கழற்றி வைத்தாலும் சுமார் 41 மணி நேரம் ஓடும்.

வாங்குவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாளொன்றுக்கு 45 வினாடி வரை முந்தவோ 35 வினாடி வரை பிந்தவோ செய்யலாம் என்று நிறுவனமே தன் விவரக்குறிப்பில் சொல்கிறது. துல்லியம் மட்டுமே வேண்டுமென்றால் இதைவிட மலிவான பேட்டரிக் கடிகாரம் போதும். தலைமுறை தாண்டி உழைக்கும் இயந்திரம் சாதாரண வருமானக்காரர் கைக்கும் எட்ட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஏற்றது இது. குறையையும் சேர்த்துச் சொல்லி விற்பதும் ஒரு வகை நாணயம்தானே!

அரிசி, பருப்பு விற்றாலும் கடிகாரம் விற்றாலும் நியாயம் ஒன்றுதான். வாங்கிய சரக்குக்குச் சொன்ன தேதியில் பணம். நம்மிடம் ஒப்படைத்த பொருளுக்கு நாமே பொறுப்பு. இந்த இரண்டும் ஒரு சிறு கடையை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு ஹத்தோரியின் வாழ்க்கையே சான்று. அடுத்த மழை நாளில் கடையில் ஓய்வாக இருக்கும்போது, பற்று வரவுப் புத்தகத்தைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். யாருக்கேனும் தவணை தாண்டியிருக்கிறதா என்று!