உங்களுக்குத் தெரியுமா? குளிருக்கு ஒரு போர்வை

★ குளிர்நாடுகளில் 'டூவே' என்று சொல்கிற உப்பலான போர்வையில் நமக்குச் சூடு தருவது உள்ளே அடைத்த இறகோ பஞ்சோ அல்ல. அந்த இழைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கிக்கிடக்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும்; உடம்பின் சூடு வெளியேற நேரமாகும். அதனால் கனத்த போர்வைதான் கதகதப்பு என்று எடையைப் பார்த்து வாங்குவது சரியல்ல. தூக்கினால் லேசாகவும் விரித்தால் உப்பலாகவும் இருப்பதைத் தேடுங்கள். கடையில் உள்ளங்கையால் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். கையை எடுத்ததும் மேலே எழும்பி வர வேண்டும்.

லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ படிக்கப் போகிற பிள்ளையின் பெட்டியில் கனத்த கம்பளியைத் திணித்து அனுப்பும் பெற்றோர் நம்மில் நிறையப் பேர். அந்த எடையில் ஊறுகாயும் பொடியும் வைத்து அனுப்புங்கள். போர்வையை அங்கே போய் வாங்கிக்கொள்ளட்டும்.

★ பிரிட்டனில் விற்கும் டூவேயின் சீட்டில் 'டாக்' என்று ஓர் எண் போட்டிருக்கும். மான்செஸ்டரில் இருந்த ஷெர்லி இன்ஸ்டிட்யூட் என்ற பருத்தி ஆராய்ச்சி நிலையம் 1940களில் வகுத்த அளவு அது. ஒரு துணி வெப்பத்தை எவ்வளவு தடுத்து நிறுத்துகிறது என்பதை மட்டும் சொல்லும்; எடையையும் தரத்தையும் சொல்லாது. கோடைக்கு 4.5 வரை போதும். வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் 7 முதல் 10.5. கடுங்குளிருக்கு 12 முதல் 13.5. இறகு அடைத்த 13.5 டாக் போர்வையும் பாலியெஸ்டர் அடைத்த 13.5 டாக் போர்வையும் ஒரே அளவு சூட்டைக் காக்கும். ஆனால் பொதுவாக இறகுப் போர்வை எடை குறைவாக இருக்கும், விலை கூடுதலாக இருக்கும்.

★ 'எல்லாப் பருவத்துக்கும்' என்று எழுதி விற்பது பெரும்பாலும் ஒரு போர்வை அல்ல, இரண்டு. ஒன்று 4.5 டாக், மற்றொன்று 9 டாக். கோடையில் மெல்லியது, நடுப்பருவத்தில் தடித்தது, பனிக்காலத்தில் இரண்டையும் மூலைப் பொத்தான்களால் சேர்த்துவிட்டால் 13.5. வாடகை அறையில் இருப்பவர்களுக்கும், வீட்டில் ஹீட்டர் எப்போது ஓடும் என்று உறுதியில்லாதவர்களுக்கும் இதுவே என் முதல் சிபாரிசு. இரவு முழுக்க ஹீட்டர் ஓடும் வீட்டில் 13.5 வேண்டாம், வேர்த்துக்கொட்டி எழுந்துவிடுவீர்கள்.

★ அமெரிக்காவிலும் கனடாவிலும் கேட்க வேண்டிய எண் 'ஃபில் பவர்'. ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்பும் என்பதே அந்தக் கணக்கு. 600 நல்லது, 800 மிக உயர்ந்தது. 800 என்றால் வெறும் 28 கிராம் தூவி 13 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது! தூவி என்பது பறவையின் நெஞ்சிலும் வயிற்றிலும் மேலிறகுக்கு அடியில் இருக்கும் தண்டில்லாத மென்மயிர். சாதாரண இறகுக்குத் தண்டு உண்டு; மலிவான போர்வையில் துணியைத் துளைத்துக்கொண்டு குத்துவது அதுதான். வாத்து, தாரா ஆகியவற்றின் தூவி எவ்வளவு, இறகு எவ்வளவு என்று சீட்டில் சதவீதம் இருக்கும். படித்துவிட்டு வாங்குங்கள். உயிரோடு இருக்கும் பறவையிடமிருந்து பிடுங்கவில்லை என்பதற்குச் சான்றாக, 2014இல் வந்த 'ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்ட்' முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

★ உலகின் மிக உயர்ந்த தூவிக்காகப் பறவையைத் தொடவே வேண்டியதில்லை. ஈடர் என்ற கடல்வாத்து, முட்டையிடும்போது தன் நெஞ்சுத் தூவியைத் தானே பிடுங்கிக் கூட்டில் மெத்தை போடும். ஐஸ்லாந்தின் கடலோரப் பண்ணைக் குடும்பங்கள் அந்தத் தூவியைக் கூட்டிலிருந்து சேகரிக்கின்றன. ஒரு கிலோ சேர சுமார் 60 கூடுகள் வேண்டும். அந்த நாடு முழுவதிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 கிலோதான் கிடைக்கிறது. உலக விளைச்சலில் பெரும்பகுதி அதுவே.

வாத்து காட்டுவாத்து. யாரும் அதை அடைத்து வைக்கவில்லை. நரி வராமல் இரவு பகலாகக் காவல் இருக்கிறார்கள், வண்ணக் கொடிகள் நட்டு வைக்கிறார்கள். பாதுகாப்பு இருக்கும் இடத்துக்கு அது அடுத்த ஆண்டும் தேடி வருகிறது. 1847 முதல் ஐஸ்லாந்தில் ஈடரைக் கொல்வது குற்றம். அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் சோதித்துச் சான்று தராமல் இந்தத் தூவி விற்பனைக்குப் போகாது. ஈடர் தூவியின் நுண்கிளைகள் ஒன்றையொன்று கொக்கி போட்டதுபோல் பற்றிக்கொள்ளும். ஒரு பிடி எடுத்து உதறினாலும் சிதறாது. நார்வேயின் வேகா தீவுக்கூட்டத்தில் இந்த வாத்துகளுக்கு மக்கள் குட்டிக் குட்டி வீடுகளே கட்டிவைப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தப் பராமரிப்பில் பெண்களின் பங்கு பெரிது. 2004இல் யுனெஸ்கோ அந்தத் தீவுகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பறவைக்கும் மனிதருக்கும் இதைவிட நேர்மையான ஒப்பந்தம் ஒன்றை நான் படித்ததில்லை.

★ தூவியின் அருமை நம் முன்னோருக்கும் தெரிந்திருக்கிறது. வாடைக்காற்று வீசும் கூதிர்காலத்தைப் பாடும் நெடுநல்வாடையில், பாண்டிமாதேவியின் தந்தக் கட்டிலில் அன்னத்தின் தூவி பரப்பிய படுக்கை விரித்திருப்பதை நக்கீரர் காட்டுகிறார்.

★ 1922 எவரெஸ்ட் பயணத்துக்கு வேதியியல் அறிஞர் ஜார்ஜ் ஃபின்ச் ஒரு புது அங்கியோடு வந்தார். பலூன் செய்யும் துணிக்குள் ஈடர் தூவி அடைத்துத் தைத்தது. ட்வீட் கோட்டும் கம்பளியும் அணிந்திருந்த சக வீரர்களுக்கு முதலில் அது வேடிக்கையாக இருந்தது. மலைக்காற்று வீசத் தொடங்கியதும் அந்த அங்கியின் அருமை புரிந்தது. அந்தப் பயணத்தில் ஃபின்ச்சும் ஜெஃப்ரி புரூஸும் 8,300 மீட்டருக்கு மேல் ஏறினார்கள். அதுவரை எந்த மலையேறியும் எட்டாத உயரம். இன்று மலையேறிகள் அணியும் உப்பல் ஜாக்கெட்டுகளின் முன்னோடி அந்த அங்கி.

★ 1964இல் லண்டனில் 'ஹாபிடாட்' கடையைத் திறந்த டெரன்ஸ் கான்ரன்தான் ஆங்கிலேயர்களிடையே டூவேயைப் பரப்பியவர். அதுவரை அங்கே விரிப்பு, கம்பளி, அதன்மேல் மேல்விரிப்பு என்று அடுக்கி, ஓரங்களை மெத்தைக்கடியில் செருகுவார்கள். பத்தே விநாடியில் படுக்கையைச் சரிசெய்யலாம் என்று சொல்லி விற்றார்.

★ ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் கணவன் மனைவி ஒரே கட்டிலில் ஆளுக்கொரு டூவே போர்த்திக்கொள்வது வழக்கம். ஒருவருக்கு 4.5, மற்றவருக்கு 10.5 என்று அவரவர் உடம்புக்கு ஏற்றபடி வாங்கலாம். இழுபறி இல்லை.

★ தையலைக் கவனியுங்கள். மேல்துணியையும் கீழ்த்துணியையும் ஒன்றோடொன்று ஒட்டித் தைத்திருந்தால், தையல் ஓடும் இடமெல்லாம் காற்று இல்லை. அந்தக் கோடுகள் வழியாகக் குளிர் இறங்கும். நல்ல போர்வையில் இரண்டுக்கும் நடுவே சிறு துணிச்சுவர் நிறுத்திப் பெட்டி பெட்டியாகத் தைத்திருப்பார்கள். கோடைக்கான போர்வைக்கு ஒட்டுத் தையலே போதும்.

★ இரவில் அதிகம் வேர்ப்பவர்களுக்கு ஆட்டுக் கம்பளி நிரப்பியது ஏற்றது. கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சியும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. தூவி அப்படியல்ல, நனைந்தால் துவண்டு கட்டியாகிவிடும். சீனாவில் பட்டுப் போர்வை உண்டு. இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய கூட்டில் நூல் சிக்குண்டு கிடப்பதால் அதை ஒழுங்காக நூற்க முடியாது. அந்தக் கூடுகளை நீரில் ஊறவைத்துக் கையால் இழுத்து விரித்து, அடுக்கடுக்காகப் போர்வைக்குள் வைக்கிறார்கள்.

★ வட இந்தியாவின் ரஜாய்க்குள் இருப்பது பருத்திப் பஞ்சு. ஒரு குளிர்காலம் போர்த்தினால் பஞ்சு அமுங்கிப்போகும். அடுத்த குளிர் தொடங்கும்முன் ரஜாயைப் பிரித்து, பஞ்சு அடிப்பவரிடம் கொடுப்பார்கள். அவர் வில்லின் நாணால் அடித்து அடித்துப் பஞ்சை மறுபடி உப்ப வைப்பார். பஞ்சு அதே பஞ்சுதான். போன காற்று திரும்பி வருகிறது, கூடவே கதகதப்பும் வருகிறது.

★ ஒரு வயது நிறையாத குழந்தைக்கு டூவே கூடவே கூடாது. முகத்தை மூடி மூச்சை அடைக்கலாம், உடம்பு அளவுக்கு மேல் சூடாகலாம். குழந்தைகளுக்கென்றே கை நுழைக்கும் துளையோடு தைத்த உறக்கப் பைகள் கிடைக்கின்றன. பாட்டிமார் ஆசையாகப் பஞ்சுப் போர்வை வாங்கி வந்தாலும் பெட்டியிலேயே இருக்கட்டும்.

★ தூசிப்பூச்சி ஒவ்வாமை உள்ளவர்கள் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கத் தகுந்த போர்வையையே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் பூச்சிகள் சாகும். மற்றவர்கள் உறையை அடிக்கடி துவைத்தால் போதும், போர்வையை எப்போதாவது துவைக்கலாம். தூவிப் போர்வைக்குப் பெரிய எந்திரம் வேண்டும், சோப்பு குறைவாக வேண்டும். உலர்த்தும் எந்திரத்தில் சுத்தமான டென்னிஸ் பந்து இரண்டைக் கூடப் போடுங்கள். அவை மோதி மோதிக் கட்டியை உடைக்கும். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், பொறுமையாக இன்னொரு சுற்று ஓடவிடுங்கள். கோடையில் எடுத்து வைக்கும்போது காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பிளாஸ்டிக் பை வேண்டாம். தளர்வான பருத்திப் பையே போதும்.