கோடு பின்தங்கி வருகிறதா? புதுப் பேனா வாங்குமுன் இதைப் பாருங்கள்

டிராயிங் டேப்லெட்டில் பேனாவை இழுத்து முடித்துவிட்டீர்கள். கோடு ஒரு கணம் கழித்துத்தான் திரையில் வந்து சேர்கிறது. வேகமாகக் கூந்தல் வரைந்தால் வளைவுகள் உடைகின்றன. இந்த இடத்தில்தான் பலரும் "பேனா போச்சு" என்று முடிவுகட்டி, புதிதுக்கு விலை விசாரிக்கத் தொடங்குகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். கோடு தாமதமாவதற்குப் பேனா காரணமாக இருப்பது அபூர்வம்.

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்கலாம். வாக்காம், ஹூயான், எக்ஸ்பி-பென் போன்ற நிறுவனங்களின் இன்றைய டிராயிங் டேப்லெட்டுகள் பலவற்றில் பேனாவுக்குள் பேட்டரியே கிடையாது. டேப்லெட் பலகைக்குள் இருக்கும் மின்சுற்று மின்காந்த அலையை அனுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கும் சிறு கம்பிச்சுருள் அதை வாங்கித் திருப்பித் தருகிறது. பேனா எங்கே நிற்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பலகை அதை வைத்தே கணக்கிடுகிறது. சாதாரண டேப்லெட்டே நொடிக்கு 133 தடவை இந்தக் கணக்கைப் போடும். பல டேப்லெட்டுகள் 200-ஐயும் தாண்டும். பேனா கெட்டுப்போனால் எழுதாமல் நிற்கும், விட்டுவிட்டு எழுதும், தொடாமலே கோடு இழுக்கும். மெதுவாக எழுதாது.

சரி, தாமதம் எங்கே நடக்கிறது? இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். பேனாவைப் பலகையில் தொடாமல், அரை சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து வட்டமாகச் சுற்றுங்கள். திரையில் அம்புக்குறியைக் கவனியுங்கள். அடுத்து, வரையும் மென்பொருளைத் திறந்து மவுஸால் ஒரு கோடு இழுங்கள்.

அம்புக்குறியே தள்ளாடி வந்தால் இணைப்பிலோ டிரைவரிலோ (டேப்லெட் சொல்வதைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) கோளாறு. அம்புக்குறி கூடவே ஓடி, கோடு மட்டும் பின்தங்கினால் வரையும் மென்பொருளைச் சந்தேகியுங்கள். மவுஸால் இழுத்த கோடும் அதேபோல் பின்தங்கினால், டேப்லெட்டின் மேல் பழியே இல்லை என்று ஏறக்குறைய முடிவுசெய்துவிடலாம்.

மென்பொருளில் முதலில் எதைப் பார்ப்பது? ஸ்மூத்திங் (நடுங்கும் கோட்டைச் சீராக்கித் தரும் வசதி). போட்டோஷாப்பில் 2018 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. கிளிப் ஸ்டுடியோவிலும் கிரிட்டாவிலும் ஸ்டெபிலைசேஷன், ஸ்டெபிலைசர் என்ற பெயர்களில் இருக்கும். கை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால்தானே நடுக்கத்தைக் கழிக்க முடியும்? அதனால் அது உங்கள் கைக்குக் கொஞ்சம் பின்னால்தான் வந்தாக வேண்டும். அளவைக் கூட்டக் கூட, கயிறு கட்டி இழுத்த மாதிரி கோடு வரும். நீங்கள் நிறுத்திய பிறகும் கோடு நகர்ந்து வந்து சேர்ந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பூஜ்யத்துக்குக் குறைத்துவிட்டு ஒரு கோடு இழுங்கள்.

"குறைத்தால் கோடு நடுங்குமே?" நடுங்கும்தான். முன்வரைவுக்குக் குறைவாகவும், மை பூசும் கடைசிக் கோட்டுக்குக் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் ஒரே அளவில் விட்டுவைப்பதுதான் தொல்லை.

அதையும் பார்த்தாயிற்று, இன்னும் மெதுவாக இருக்கிறதா? படத்தின் அளவைப் பாருங்கள். ஏ4 தாளை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) அளவில் திறந்தால் சுமார் 87 லட்சம் புள்ளிகள். அதையே ஏ3, 600 டிபிஐ என்று வைத்தால் ஏறத்தாழ 7 கோடி. எட்டு மடங்கு! மேலே அடுக்கடுக்காக லேயர்கள் சேரச் சேரச் சுமை இன்னும் ஏறும். பெரிய பிரஷ், சொரசொரப்பான பிரஷ், இரண்டு பிரஷ்களைக் கலந்தது எல்லாமே கணினியைத் திணற வைப்பவை. 1000-க்கு 1000 புள்ளிகளில் ஒரு புதுப் படத்தைத் திறந்து, சாதாரண உருண்டைப் பிரஷ்ஷால் வரையுங்கள். அங்கே கோடு சீராக வந்தால், மாற்ற வேண்டியது படத்தின் அளவையோ பிரஷ்ஷையோதான்.

கோட்டின் தொடக்கம் மட்டும் தாமதமாகிறதா? பேனாவை வைத்ததும் சுற்றி ஒரு சிறு வளையம் தோன்றி, அதன் பிறகே கோடு ஆரம்பித்தால், அது விண்டோஸின் வேலை. பேனாவை அழுத்திப் பிடித்தால் வலது கிளிக் என்று எடுத்துக்கொள்ளும் வசதி அது. நீங்கள் கிளிக் செய்கிறீர்களா, வரைகிறீர்களா என்று தெரியும்வரை அது காத்திருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் 'பென் அண்ட் டச்' பகுதிக்குப் போய், 'பிரஸ் அண்ட் ஹோல்ட்' என்பதை அணைத்துவிடுங்கள்.

டேப்லெட்டின் டிரைவரில் 'விண்டோஸ் இங்க்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதன் டிக்கை எடுத்ததும் வேகம் திரும்பியவர்கள் உண்டு. ஆனால் போட்டோஷாப் பேனாவின் அழுத்தத்தை வழக்கமாக அந்த வழியில்தான் வாங்குகிறது. டிக்கை எடுத்ததும் அழுத்தத்துக்கேற்பக் கோடு தடிக்காமல் ஒரே பருமனில் வந்தால், பயப்படாமல் மீண்டும் டிக் போட்டுவிடுங்கள்.

அம்புக்குறியே தள்ளாடியவர்கள் என்ன செய்ய வேண்டும்? ப்ளூடூத்தில் வரைகிறீர்கள் என்றால் கேபிளில் இணைத்துப் பாருங்கள். யுஎஸ்பி ஹப்பில் செருகியிருந்தால் எடுத்து நேராகக் கணினியில் செருகுங்கள். பலகைக்குப் பக்கத்தில் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் தள்ளி வையுங்கள். லேப்டாப்பாக இருந்தால் பேட்டரி சேமிப்பு நிலையை அணைத்து, சார்ஜரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முன்பு வேறு நிறுவனத்தின் டேப்லெட் வைத்திருந்தீர்களா? அதன் டிரைவர் இன்னும் உள்ளே இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். இரண்டையும் நீக்கி, கணினியை அணைத்துப் போட்டு, இப்போதுள்ள டேப்லெட்டுக்கு உரியதை மட்டும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். பேனாவின் பொத்தான்களுக்கும் அழுத்தத்துக்கும் நீங்கள் செய்துவைத்த அமைப்புகள் அழிந்துபோகலாம். முதலில் அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டிவியைத் திரையாக வைத்து வரைபவர்கள் அதில் 'கேம் மோட்' இருந்தால் போடுங்கள். படத்தை அழகாக்க டிவி செய்யும் கூடுதல் வேலைகளாலும் தாமதம் வரும்.

பேனாவைச் சந்தேகிக்க வேண்டிய இடமே இல்லையா? ஒன்று உண்டு. மெல்லத் தொட்டால் கோடு வராமல், அழுத்திய பிறகே வந்தால், நிப்பைப் பாருங்கள். தேய்ந்து ஒரு பக்கம் சப்பையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் மாற்று நிப்புகள் டேப்லெட் பெட்டியிலேயே இருக்கும். நிப் நன்றாக இருந்தால், டிரைவரில் பேனாவின் அழுத்த அளவை மென்மைப் பக்கம் நகர்த்துங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, உடனே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். நான்கைந்தை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

எல்லாம் செய்தும் தீரவில்லை என்றால், தெரிந்தவர் ஒருவரின் கணினியில் டிரைவரை நிறுவி அங்கே செருகிப் பாருங்கள். அங்கு நன்றாக ஓடினால் உங்கள் கணினியைத்தான் கவனிக்க வேண்டும். அங்கும் அதே தாமதம் என்றால், பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வாரண்டி முடியும் தேதியை இன்றே பார்த்து வைத்துவிடுங்கள்.